பலாலிக்கு எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்தார் ஒருவரிடம் கொழும்பு எவ்வளவு தூரம் என்று வினவினால், மைற் கணக்கில் மறுமொழி கிடைப்பது அரிது. "ஓர் இராத்திரிப் பயணம்" என்பதே பெரும்பாலும் அவர் கூறும் விடையாக இருக்கும். தூரத்தை நேரத்தால் அளப்பது மக்களின் நெடுநாள் வழக்கம். கூப்பிடு தொலைவு என்றும், நாழிகை வழி என்றும், ஒரு பகற் பயணம் என்றும் தமிழர் பேசிவந்தமை இதற்குச் சான்றாகும். கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்ற காலத்தில் இவ்வழக்கம் பிழைபடவில்லை. மாட்டின் நடை பெரிதும் மாறுவதில்லை; ஆதலால் நேரத்தைச் சொன்னால் தூரத்தைச் சொன்னதாகவே முடிந்தது.

ஆகாய விமானம் வந்தபின் இக்கணக்கு இலேசில் அடங்காததாயிற்று. இரத்மலானை விமான நிலையத்திலிருந்து பலாலி விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்ற இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோர், முதலாவதற்கு விடை தெரிந்தால் இரண்டாவதற்கு வகுத்தற் கணக்கு ஒன்றே போதும் என எண்ணுவர். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அப்பாடம் பொய்யன்று. ஆனால் வான்வழியில் எது தூரம், எது வேகம், எது நேரம் என்பவற்றை ஒவ்வொன்றாகத் தெளிந்துகொள்ளாதவருக்கு அந்த வகுத்தல் ஏமாற்றத்தையே தரும்.

முதலில் அவ்விரு நிலையங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று. கொழும்புக்குத் தெற்கேயுள்ள இரத்மலானையில் முதல் விமானம் வந்திறங்கியது 1935 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆம் திகதியாகும். பலாலி விமானத் தளமோ இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையின் தேவைக்காக அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அத்தளம் பொதுமக்களுக்குப் பயன்படலாயிற்று. 1947 ஆம் ஆண்டு டிசெம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. டகோட்டா வகையைச் சேர்ந்த அவ்விமானம் நேரே சென்னைக்குச் செல்லாமல், வழியில் யாழ்ப்பாணத்தில் இறங்கியே சென்றது. அந்நாளில் பலாலித் தளத்தைக் காங்கேசன்துறை விமான நிலையம் என்றே அழைத்தனர். இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே யாழ்ப்பாணம் வானவழியில் ஒரு சந்தியாகிவிட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனித் தூரத்தை அளக்கலாம். இதற்கு நூலும் அளவுகோலும் வேண்டியதில்லை. இரு நிலையங்களினதும் அகலக்கோடு, நெடுங்கோடு ஆகியவை தெரிந்தாற் போதும். இரத்மலானை பூமத்திய கோட்டுக்கு வடக்கே 6 பாகை 49 கலையிலும், கிழக்கு நெடுங்கோடு 79 பாகை 53 கலையிலும் அமைந்துள்ளது. பலாலி வடக்கே 9 பாகை 47 கலைக்குச் சற்று அப்பாலும், கிழக்கே 80 பாகை 4 கலையிலும் உள்ளது. பாகை ஒன்றுக்குக் கலைகள் அறுபது. வடக்குத் தெற்காக ஒரு கலை என்பது பூமியின் மேற்பரப்பில் ஒரு கடல் மைலாகும். கடல் மைல் என்ற அளவே இவ்வாறு பூமியின் வட்டத்திலிருந்து பிறந்ததுதான். அதன் நீளம் 1,852 மீற்றர். தரையில் வழங்கும் மைலைவிட அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பெரியது.

இரு நிலையங்களுக்கும் வடக்குத் தெற்காக உள்ள வித்தியாசம் 2 பாகை 58 கலை. அதாவது 178 கலை. எனவே அது 178 கடல் மைல் ஆகிறது. கிழக்கு மேற்காக உள்ள வித்தியாசம் 11 கலை மாத்திரமே. செங்கோண முக்கோணத்தின் கணக்கை அறிந்த மாணவர் எவரும் இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். நெடிய பக்கத்துக்கு முன்னால் குறுகிய பக்கம் மிகச் சிறிதாகையால் விடை பெரிதும் மாறுவதில்லை. 178 கடல் மைலுக்குச் சற்று மேலாகவே நிற்கும். கிலோமீற்றரில் இது ஏறத்தாழ 330; தரை மைலில் 205.

இது பறவை பறக்கும் தூரம். நிலத்தின் மேலே செல்லும் வழிகளுடன் ஒப்பிட்டால் இதன் பெறுமதி விளங்கும். கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறைக்குப் புகையிரதப் பாதை ஏறத்தாழ 410 கிலோமீற்றர். தெருவழியும் ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு வந்துவிடும். பாதைகள் ஊர்களைத் தேடிச் செல்கின்றன. ஆறுகளையும் குளங்களையும் காடுகளையும் சுற்றிச் செல்கின்றன. ஆகவே வான்வழி எண்பது கிலோமீற்றர் வரையில் மிச்சப்படுத்துகிறது.

பலாலியிலிருந்து மேலும் வடக்கே நோக்கினால், சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலையில் இருக்கிறது. இதன்படி இடைத்தூரம் ஏறத்தாழ 191 கடல் மைல், அதாவது 355 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளி இதனிலும் அண்மையது. பலாலியிலிருந்து வடமேற்கே 99 கடல் மைல், ஏறத்தாழ 183 கிலோமீற்றர். இவ்வெண்களிலிருந்து ஓர் உண்மை புலப்படும். யாழ்ப்பாணத்தில் நிற்பவருக்குத் திருச்சிராப்பள்ளி கொழும்பைவிட மிக அருகில் உள்ளது. சென்னையும் கொழும்பும் ஏறக்குறைய ஒரே தொலைவிலுள்ளன. 1947 ஆம் ஆண்டில் டகோட்டா விமானம் பலாலியில் தங்கிச் சென்றமைக்கு இந்நிலையமே முழு வழியின் நடுப்பகுதியில் இருந்தமையும் பொருத்தமான காரணமாக அமைந்தது.

தூரம் தெரிந்துவிட்டது, இனி வேகம். கடலோடிகளைப் போலவே விமானிகளும் மணித்தியாலத்துக்கு ஒரு கடல் மைல் என்ற வேகத்தை நொட் என்பர். பழைய டகோட்டா விமானம் 150 நொட் வேகத்தில் பறந்ததாக வைத்துக்கொண்டால், 178 கடல் மைலைக் கடக்க 71 நிமிடம் ஆகும். ஆயினும் இந்த 150 நொட் என்பது எதனைக் குறித்த வேகம் என்ற கேள்வி உடனே எழுகிறது. விமானத்தின் வேகமானி, அதனைச் சூழ்ந்துள்ள காற்றை ஊடுருவும் வேகத்தைக் காட்டுமேயன்றி, கீழே உள்ள நிலத்தைக் கடக்கும் வேகத்தைக் காட்டாது. காற்றோ ஓரிடத்தில் நிற்பதன்று.

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குத் தோணி வலித்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. நீரோட்டம் முன்னின்று எதிர்த்தால் வலித்த வலிப்பு வீணாகும். பின்னின்று தள்ளினால் வலிப்புக் குறையும். குறுக்கே பாய்ந்தால் தோணியின் முகத்தை இலக்குக்குச் சற்று ஒதுக்கிப் பிடித்தே கரைசேர வேண்டும். விமானத்துக்குக் காற்று நீரோட்டமாகிறது.

வடபகுதி மக்கள் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டவர்கள். தென்திசையிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். இவற்றுள் ஒன்றாவது 20 நொட் வேகத்தில் விமானத்தின் பின்னிருந்து தள்ளுவதாகக் கொள்வோம். 150 நொட் விமானம் நிலத்தின்மேல் 170 நொட் வேகத்தில் நகரும். 71 நிமிடப் பயணம் 63 நிமிடத்தில் முடியும். அதே காற்று எதிர்த்தால் வேகம் 130 ஆகக் குறைந்து, நேரம் 82 நிமிடமாக நீளும்.

இவ்விடத்தில் பலர் ஒரு தவறு செய்வதுண்டு. போகும்போது காற்று உதவினால் வரும்போது தடுக்கும். ஆகவே இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்பது அவர்தம் எண்ணம். கூட்டிப் பார்த்தால் அது பிழையென்பது தெரியும். காற்றற்ற நாளில் போக்குவரத்து இரண்டுக்கும் 142 நிமிடம் செல்லும். காற்றுள்ள நாளில் 145 நிமிடம் செல்லும். காற்று உதவும்போது அந்த உதவி குறைந்த நேரமே நீடிக்கிறது; தடுக்கும்போது அத்தடை அதிக நேரம் நீடிக்கிறது. ஆதலால் போய் மீளும் பயணத்தில் காற்று எத்திசையில் வீசினும் விமானத்துக்கு நட்டமே. குறுக்கே வீசும் காற்றும் சிறிது நேரத்தை உண்ணும். விமானம் தன் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிப் பிடித்தே நேர்வழியிற் செல்ல வேண்டியிருத்தலால், அதன் வேகத்தில் ஒரு பகுதி பக்கவாட்டிற் செலவாகிவிடுகிறது.

காற்றின் வேலை வானத்தோடு முடிவதில்லை. ஓடுபாதையிலும் அதற்கு அதிகாரம் உண்டு. விமானம் காற்றை எதிர்நோக்கியே ஏறவும் இறங்கவும் வேண்டும். அவ்வாறு செய்தால் குறைந்த ஓட்டத்தில் எழும்பலாம். குறைந்த தூரத்தில் நிற்கலாம். பலாலியின் ஓடுபாதை வடகிழக்குத் தென்மேற்காகக் கிடக்கிறது. அதன் ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் இலக்கங்கள் தீட்டப்பட்டுள்ளன. வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால் 50 பாகைத் திசை, 230 பாகைத் திசை என்பவற்றையே அவை குறிக்கின்றன. கடைசிச் சுன்னத்தை விட்டெழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். இரத்மலானையின் ஓடுபாதையும் ஏறக்குறைய இதே போக்கிலேயே அமைந்துள்ளது. அதன் இலக்கங்கள் 04, 22 என்பவையாகும்.

இதனால் விளைவது யாது? தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துள்ள ஆனி, ஆடி மாதங்களில் இரத்மலானையில் எழும் விமானம் தென்மேற்கு நோக்கி, கடலின் பக்கமாக எழ வேண்டும். யாழ்ப்பாணம் செல்லவேண்டிய விமானம் யாழ்ப்பாணத்துக்கு முதுகுகாட்டியே புறப்படுகிறது. பின்னர் அது வளைந்து வடக்கே திரும்பும். பலாலியை அண்மியதும் நேரே இறங்க இயலாது. ஓடுபாதையைத் தாண்டி வடகிழக்கே பாக்கு நீரிணையின் மேலே சென்று, திரும்பி, மீண்டும் தென்மேற்கு முகமாக வந்தே தரையிறங்க வேண்டும். சாளரத்தருகே அமர்ந்தவர் தம் ஊரைக் கண்டபின்னும், கடலைக் கண்டு, மறுபடியும் ஊரைக் காண்பது இதனாலேயே. விமானி வழி தவறினார் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் முறை தலைகீழாகும். தெற்கிலிருந்து வருவோர் பெரும்பாலும் நேரே இறங்குவர். சென்னையிலிருந்து வருவோரே சுற்றிவர நேரும். இச்சுற்றுக்களினால் உண்மையாகப் பறக்கும் தூரம், வரைபடத்தில் அளந்த தூரத்தைவிடச் சில கடல் மைல்கள் கூடிவிடுகிறது.

எஞ்சியது நேரம். விமான அட்டவணையில் அச்சிடப்படும் நேரம் வானத்தில் மிதக்கும் நேரம் மட்டுமன்று. விமானத்தின் சில்லுகளுக்கு இட்டிருந்த தடைக்கட்டைகளை எடுத்த கணத்திலிருந்து, மறுநிலையத்தில் மீண்டும் கட்டைகளை இடும் கணம் வரையுள்ள முழு நேரமே அங்கு கணக்கிடப்படுகிறது. இக்கால உதாரணம் ஒன்றினால் இதனைத் தெளியலாம். பலாலிக்கும் சென்னைக்கும் இடையில் அண்மை ஆண்டுகளில் பறந்தவை ஏ.ரி.ஆர். 72 என்னும் வகையைச் சேர்ந்த விமானங்கள். சுழல்விசிறி பூட்டிய இவை ஏறத்தாழ 270 நொட் வேகத்தில் பறக்க வல்லன. 191 கடல் மைலை 270ஆல் வகுத்தால் 42 நிமிடம் வருகிறது. அட்டவணையோ ஒரு மணித்தியாலத்துக்கும் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் இடைப்பட்ட நேரத்தையே காட்டுகிறது. மிகுதி நேரம் எங்கே போயிற்று?

அது பல சில்லறைச் செலவுகளாகப் போயிற்று. எஞ்சின்களை இயக்கி ஓடுபாதையின் தலைப்பை அடைவதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். சென்னை போன்ற பெரிய நிலையத்தில் முன்னே நிற்கும் விமானங்கள் எழும்வரை காத்திருக்கவும் நேரும். மேலே ஏறும்போது விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. மலையேறும் மோட்டார் வண்டியைப்போல வேகத்தைக் குறைத்தே உயரத்தைப் பெறுகிறது. இறங்கும்போதும் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்தே வர வேண்டும். ஆகவே 270 நொட் என்ற முழு வேகம் நடுவழியிற் சிறிது நேரத்துக்கே கிட்டுகிறது. இறங்கியபின் தரிப்பிடம் சேரும் நேரமும் உண்டு. இவற்றின்மேல், எதிர்பாராத தாமதத்துக்கென அட்டவணை வகுப்போர் சில நிமிடங்களை முன்கூட்டியே சேர்த்துவிடுகின்றனர். பயணம் குறுகியதாக இருக்க இருக்க, இச்செலவுகளின் பங்கு பெரிதாகத் தோன்றும். கொழும்பிலிருந்து இலண்டனுக்குச் செல்வோர் அரை மணித்தியாலத்தைப் பொருட்படுத்தார். பலாலியிலிருந்து சென்னைக்குச் செல்வோருக்கு அதுவே பயணத்திற் பாதியாகிறது.

அவ்வாறாயின் விரைவான ஜெட் விமானத்தை விடலாகாதா என்று சிலர் வினவுவர். 450 நொட் வேகமுள்ள ஜெட் விமானம் 191 கடல் மைலை 25 நிமிடத்திற் கடக்கும் என்று தாளிற் கணக்கிடலாம். ஆயினும் அவ்வேகத்தை எட்டும் உயரத்துக்கு அது ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கும் வேளை வந்துவிடும். மிஞ்சுவது சில நிமிட இலாபமே. அதற்காக எரிபொருட் செலவு கூடும். நீண்ட ஓடுபாதையும் தேவைப்படும். குறுந்தூர வழிகளில் சுழல்விசிறி விமானங்கள் இன்னும் நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே.

விமானம் சுமந்து செல்லும் எரிபொருளும் இத்தூரத்துக்கு மட்டும் உரியதன்று. சேருமிடத்தில் மழையோ மூடுபனியோ தடுத்தால் வேறொரு நிலையத்துக்குச் சென்று இறங்கவும், அங்கும் வட்டமிட்டுக் காத்திருக்கவும் போதிய எரிபொருள் இருக்க வேண்டுமென்பது சர்வதேச விதி. ஜெட் விமானத்துக்கும் ஏ.ரி.ஆர். போன்றவற்றுக்கும் இக்காத்திருப்புக்கென 30 நிமிடத்துக்கான எரிபொருள் கடைசிக் கையிருப்பாக ஒதுக்கப்படுகிறது. ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு அதனிலும் பெருமளவு கூடிய நேரம் பறப்பதற்கான எரிபொருள் ஏற்றப்படுவதைக் கண்டு வியப்பதற்கில்லை.

இவ்வாறு தூரமும் வேகமும் நேரமும் கணக்கில் அடங்கும் பொருள்களே. கணக்கில் அடங்காத ஒன்றும் உண்டு. அது வழி திறந்திருக்கிறதா என்பது. எயர் சிலோன் நிறுவனத்தின் சேவை 1978 ஆம் ஆண்டில் முடிவெய்தியது. அடுத்த சில ஆண்டுகளில் மூண்ட போர் வடக்கின் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தது. 1956 ஆம் ஆண்டு முதல் ஓடிய யாழ்தேவிப் புகையிரதம் 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. கண்டி வீதியும் நெடுங்காலம் மூடியே கிடந்தது. அக்காலத்தில் தென்னிலங்கைக்குச் செல்லவேண்டிய நோயாளரும் மாணவரும் கப்பலையும் விமானத்தையுமே நம்பியிருந்தனர். 1998 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்ரனோவ் விமானம் ஏவுகணைத் தாக்குதலுக்கு இலக்காகிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2012 ஆம் ஆண்டிலேயே அதன் சிதைவுகள் கடலடியிற் கண்டுபிடிக்கப்பட்டன. 178 கடல் மைல் என்ற எண்ணைப் படிக்கும்போது, அதன் முடிவைக் காணாமற் போன இம்மக்களையும் நினைவுகூர்தல் கடமையாகும்.

சென்னை செல்லவேண்டிய யாழ்ப்பாணத்தவரின் நிலைமை வேறொரு வகையில் விந்தையாயிருந்தது. அவர் முதலில் தெற்கே கட்டுநாயக்காவுக்குச் செல்ல வேண்டும்; அங்கிருந்து விமானமேறி வடக்கே செல்ல வேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தையும் சென்னை விமான நிலையத்தையும் வரைபடத்தில் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்ப்போருக்கு வியப்பொன்று காத்திருக்கிறது. ஏறத்தாழ 644 கிலோமீற்றர் நீளமான அக்கோடு யாழ்ப்பாண நகருக்கு மிக அருகாகவே செல்கிறது. பலாலிக்கும் அக்கோட்டுக்கும் இடையே ஏழு கிலோமீற்றர் தூரமும் இல்லை. விமானங்கள் நேர்கோட்டைச் சற்று விலகிச் செல்லலாம். எனினும் கருத்து தெளிவானது: தன் ஊரிலிருந்து நானூறு கிலோமீற்றர் தெற்கே சென்றவர், அத்தூரத்துக்குக் கட்டணமும் உறக்கமும் கொடுத்தவர், பின்னர் வானத்திலேறித் தன் வீட்டுப் பனைகளை ஒட்டியே வடக்கே பறந்தார்.

2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சென்னைக்கான சேவை தொடங்கியது. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோய்ப் பரவலால் அது நின்றது. 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் 12 ஆம் திகதி மீண்டும் ஆரம்பித்தது. 2025 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் விடப்பட்டது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டினால் அளந்து பார்க்கலாம். பருத்தித்துறையிலுள்ள மூதாட்டி ஒருவர் வைத்தியத்துக்காகச் சென்னை செல்ல வேண்டியிருப்பதாகக் கொள்வோம். கட்டுநாயக்கா வழியாயின், தெருவில் எட்டு மணித்தியாலம். நிலையத்தில் மூன்று மணித்தியாலம். பறப்பது ஒன்றரை மணித்தியாலம். சென்னையில் குடிவரவு, சுங்கச் சோதனைகளுக்கு ஒரு மணித்தியாலம். எல்லாமாகப் பதின்மூன்றரை மணித்தியாலம். பலாலி வழியாயின், தெருவில் ஒரு மணித்தியாலம், நிலையத்தில் அதே மூன்று, பறப்பது ஒன்றேகால், சென்னையில் அதே ஒன்று. எல்லாமாக ஆறேகால் மணித்தியாலம். பறக்கும் நேரத்தில் மிச்சமானது கால் மணித்தியாலமே. ஏழு மணித்தியாலமும் தெருவில் மிச்சமாயின. முழங்கால் நோவுள்ள ஒருவருக்கு அந்த ஏழு மணித்தியாலம் எத்தகைய வேறுபாட்டைச் செய்யும் என்பதை அவரை அழைத்துச் செல்லும் மகளே அறிவாள்.

பயணம் செய்ய எண்ணுவோருக்கு மற்றுமொரு குறிப்பும் பயன்படும். அட்டவணையிலுள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்களாகும். இலங்கையும் இந்தியாவும் இப்பொழுது ஒரே நேரத்தைக் கைக்கொள்கின்றன. ஆகவே சேரும் நேரத்திலிருந்து புறப்படும் நேரத்தைக் கழித்தால் பயண நேரம் கிடைக்கும். 1996 ஆம் ஆண்டிலிருந்து 2006 ஆம் ஆண்டு ஏப்ரல் வரை நிலைமை அவ்வாறிருக்கவில்லை. இலங்கையின் கடிகாரங்கள் முதலில் ஒரு மணித்தியாலமும் பின்னர் அரை மணித்தியாலமும் முந்தி ஓடின. அக்காலத்து அட்டவணைகளைப் பார்த்துக் கணக்கிடுவோர் இதனை மறந்தால், சென்னைக்குச் செல்லும் விமானம் மிக விரைவாகவும் திரும்பும் விமானம் மிகத் தாமதமாகவும் பறந்ததாகத் தவறாக முடிவுகட்டுவர்.

ஆகவே இரண்டு விமான நிலையங்களுக்கிடையே எவ்வளவு தூரம் என்று கேட்போருக்குப் பூகோளம் ஒரே விடையைத்தான் கூறும். பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான 191 கடல் மைல், டகோட்டா பறந்த 1947 ஆம் ஆண்டிலும் அதுவே, வழி அடைபட்டிருந்த காலத்திலும் அதுவே, இன்றும் அதுவே. எவ்வளவு நேரம் என்று கேட்போருக்கோ விமானத்தின் வகை, காற்றின் திசை, ஓடுபாதையின் போக்கு, நிலையத்தின் நெரிசல், நாட்டின் அமைதி ஆகிய அனைத்தையும் கூட்டியே விடை கூற வேண்டும். "ஓர் இராத்திரிப் பயணம்" என்று மறுமொழி சொன்ன யாழ்ப்பாணத்தாரின் கணக்கில் இவையெல்லாம் அடங்கியிருந்தன. வீட்டுப் படலையைச் சாத்திய நேரத்திலிருந்து மறுவீட்டுப் படலையைத் திறக்கும் நேரம் வரை எண்ணுவதே பயணிக்கு உதவும் கணக்கு என்பதை அவர் அறிந்திருந்தார்.